அலமாரிக்குள் இருந்த வண்டல் கோடு

வீட்டுக்குள் நுழைந்ததுமே புது டிஸ்டம்பர் வாசம் அடித்தது. வண்ணார்பேட்டையில் ஆற்றுப் பக்கம் இறங்குகிற தெரு. நாலே கால் சென்ட், கீழே இரண்டு அறை, மாடியில் ஒன்று, விலை 58 லட்சம். 2024 ஆனி மாதம் அது. அம்மாவை மீனாட்சிபுரம் வீட்டிலிருந்து கிளப்பி எங்களோடு வைத்துக்கொள்ள ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தோம்.

"வெள்ளத் தண்ணீர் உள்ளே வந்ததா அண்ணாச்சி?" என்று கேட்டேன். நெல்லைச் சந்திப்பைச் சுற்றி வீடு பார்க்கிற எல்லோரும் இப்போது முதலில் கேட்கிற கேள்வி இதுதான்.

"தெருவில் முழங்கால் அளவு நின்றது டீச்சர். வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை" என்றார் தரகர்.

நான் மீனாட்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டமே மழையில் மூழ்கியபோது (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது) எங்கள் வீட்டுக் கூடத்தில், பட்டாசல் என்போம், நெஞ்சளவுக்குத் தாமிரபரணி நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு நானும் அம்மாவும் பத்து நாள் வண்டல் அள்ளினோம். வெள்ளம் புகுந்த வீடு எதை எங்கே ஒளித்து வைத்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அந்த வண்ணார்பேட்டை வீட்டில் ஸ்விட்ச் பெட்டிகள் எல்லாமே தோள் உயரத்தில் இருந்தன. ஃபிரிட்ஜ் வைக்கிற இடத்தில்கூட பிளக் மேலேதான். கீழே, பழைய பெட்டி இருந்த இடத்தில் சதுரமாகச் சிமெண்ட் பூசியது பெயிண்டை மீறித் தெரிந்தது. சுவர் அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டுகள் இரண்டும் புது பிளைவுட், மேல்தட்டு மட்டும் பழைய தேக்கு. அந்த மேல்தட்டுக்கு அடியில், பெயிண்டரின் பிரஷ் எட்டாத மூலையில், விரல் அகலத்துக்கு ஒரு காய்ந்த கோடு. நகத்தால் சுரண்டினேன். மாவு போல உதிர்ந்தது. பத்து நாள் அள்ளிய வண்டல், நிறம் மறக்குமா?

தரகர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். நான் புறவாசல் பக்கம் போனேன். அடுத்த வீட்டு ஆச்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "ஆச்சி, வெள்ளத்தில் இங்கே எவ்வளவு தண்ணீர்?" என்றேன். ஆச்சி பேசவில்லை, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு, "என் அரிசி டிரம் மிதந்துபோய் இந்த வீட்டு அடுப்படியில் கிடந்தது தாயி. மூன்றாம் நாள் நான்தான் வந்து உருட்டிக்கொண்டு போனேன்" என்றார்.

திரும்பி வந்து தரகரிடம் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "ஓனர் சொன்னதைச் சொன்னேன் டீச்சர். நான் என்ன பண்ண முடியும்?" என்றார். அவருடைய சொந்த வீடு அதே தெருவில் நாலாவது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மூன்று நாளும் அவரும் அந்தத் தண்ணீருக்குள்தான் இருந்திருக்கிறார்.

என் பழைய மாணவி ஒருத்தியின் அப்பா பாளையங்கோட்டையில் வழக்கறிஞர். அவரிடம் இதைக் கொண்டுபோனேன். தரகர் மேல் கோபமாகப் போன நான், தரகரைப் பற்றிச் சட்டம் எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்று தெரிந்துகொண்டு வந்தேன்.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு விற்பவரைக் கட்டுகிறது. சொத்திலோ, அதில் தனக்குள்ள உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால் விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கேட்ட கேள்விக்குத் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லவும், பத்திரங்களைக் காட்டவும் அவர் கடமைப்பட்டவர். கடமை இருக்கிறது என்று நான் நிம்மதிப்படுவதற்குள் வழக்கறிஞர், "சாதாரண கவனத்தோடு என்று இருக்கிறது பாருங்கள் டீச்சர், அதில்தான் நாளைக்கு எதிர்த் தரப்பு நிற்கும்" என்றார். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்திருக்குமே என்பார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் இதே கணக்குதான். கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னால் அது மோசடி, ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். வாயை மூடிக்கொண்டு மட்டும் இருந்திருந்தாலோ, முயன்றால் நமக்கே தெரிந்திருக்கும் விஷயமென்றால் வழக்கு வலுவிழந்துபோகும்.

அதனால் கேட்க வேண்டும். கேட்டதும் பதிலும் எழுத்தில் இருக்க வேண்டும். நான் அன்று வாயால் கேட்டேன், அவர் வாயால் மறுத்தார். வாங்கியிருந்தால் என் கையில் என்ன இருந்திருக்கும்? அதன்பிறகு பார்த்த ஒவ்வொரு வீட்டுக்கும் அன்று இரவே தரகருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "இன்று காலை நீங்கள் காட்டிய வீட்டில் 2023 வெள்ளத்தில் தண்ணீர் வரவில்லை, கடன் எதுவும் இல்லை, வழக்கு இல்லை, யாரும் ஒத்திக்கு இல்லை என்று சொன்னீர்கள். சரிதானே அண்ணாச்சி?" பாதிப்பேர் பதில் போடவே இல்லை. அந்த வீடுகளை நாங்கள் இரண்டாவது முறை பார்க்கப் போகவில்லை.

வீடு, மனை வியாபாரத்தை ஒழுங்குபடுத்த 'ரெரா' சட்டம் வந்துவிட்டதே, தரகர்கள் பதிவு செய்ய வேண்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தரகர்களைக் கட்டுவது உண்மை. பதிவு செய்யாத திட்டத்தில் அவர்கள் விற்பனைக்கு உதவக்கூடாது, இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக்கூடாது, முன்பதிவின்போது வாங்குபவருக்குச் சேர வேண்டிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் ஐந்து சதவீதம் வரை அபராதம். ஆனால் இதெல்லாம் பதிவுக்குட்பட்ட புதிய அடுக்குமாடி, மனைப்பிரிவுத் திட்டங்களுக்கு. ஒருவர் குடியிருந்த வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது நடுவில் நிற்கிற அண்ணாச்சியை இந்தச் சட்டம் தொடாது. நம் ஊரில் கைமாறுகிற வீடுகளில் எத்தனையோ இந்த வகைதான். அவரைப் பிடிக்க நமக்கு மிஞ்சுவது ஒப்பந்தச் சட்டமும் நுகர்வோர் ஆணையமும். அதற்கும் அவர் நம்மிடம் கமிஷன் வாங்கினார் என்பதற்கு ரசீதோ வங்கிக் கணக்கில் தடயமோ வேண்டும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பேரும் எழுதாமல் வந்துவிட்டால் அவர் யாரோ நாம் யாரோ.

புதிய திட்டத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கட்டுமான நிறுவனத்துக்கு உரிமை இல்லை. "இன்றைக்குள் இருபது சதவீதம் கட்டினால் விலை குறையும்" என்று தரகர் அவசரப்படுத்தினால் அவர் சட்டத்தை மீறச் சொல்கிறார் என்று பொருள்.

மனை வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன்பு உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. 'அப்ரூவல் வந்துகொண்டிருக்கிறது' என்கிற தரகரிடம் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் அதிகாரியின் பெயரைச் சொல்கிறவரோடு இரண்டாவது டீ குடிக்காதீர்கள். ஊர்ப் பெயரிலேயே குளம் இருக்கிற நம் பக்கத்தில் நிலம் பட்டாவா, குளப் புறம்போக்கா என்று காட்டும் 'அ' பதிவேட்டையும், நிலத்தின் அளவுப்படமான புலப்படத்தையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

இனி ஒத்தி வீட்டுக் கதைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வலித்தது இதுதான்.

கே.டி.சி. நகரில் ஒரு வீடு பிடித்திருந்தது. மேட்டுப்பகுதி, தண்ணீர் வரவில்லை, நல்ல கிணறு. 61 லட்சம் பேசினோம். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ் முப்பது ஆண்டுக்குப் போட்டோம், சுத்தமாக வந்தது. கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் இருந்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவரும் அவர் மனைவியும். "வாடகைக்கு இருக்கிறார்கள் டீச்சர், ஒரு மாதத்தில் காலி செய்துவிடுவார்கள்" என்றார் தரகர்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின நாள், மனம் கேட்காமல் நான் மட்டும் போனேன். அந்த அம்மா காபி கொடுத்தார். "எங்கே வீடு பார்த்திருக்கிறீர்கள் மதினி?" என்று சும்மாதான் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "எங்கள் ஆறு லட்சத்தைக் கொடுத்தால்தானே பார்க்க முடியும்?" என்றார்.

அவர்கள் வாடகைக்கு இல்லை, ஒத்திக்கு இருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது ஒத்தி. பெரியவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். 2022-இல் எழுதிய 20 ரூபாய் முத்திரைத்தாள். முறைப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டிய பத்திரம். பதியவில்லை, அதனால்தான் வில்லங்கத்தில் ஏறவில்லை. அவருடைய ஓய்வூதியப் பலனில் பாதி அந்தத் தாளில் இருந்தது. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் எங்கள் தரகர்.

அவர்தான் இந்தப் பெரியவரைக் கொண்டுவந்து குடிவைத்திருக்கிறார். அதற்குக் கமிஷன் வாங்கியிருக்கிறார். இப்போது எங்களை அழைத்துவந்து 'வாடகை' என்கிறார். வீட்டுக்காரர் அந்த ஆறு லட்சத்தை எப்போதோ மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டார். நாங்கள் முழு விலையையும் அவருக்குக் கொடுத்துக் கிரயம் முடித்திருந்தால், பெரியவர் எங்கள் வாசலில் வந்து நின்றிருப்பார். சொத்து மாற்றுச் சட்டம் மூன்றாம் பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது: ஒரு சொத்தில் நேரடியாக யார் இருக்கிறாரோ, அவருக்கு என்ன உரிமை உண்டோ, அது வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். குடியிருப்பவரை நேரில் கேட்காதவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் தரகர் இல்லாத நேரத்தில் ஒருமுறை போங்கள். குடியிருப்பவரிடம் நீங்களே பேசுங்கள்.

அந்த வீட்டை நாங்கள் விடவில்லை. கிரய ஒப்பந்தத்தை மூன்று தரப்பாக எழுதினோம்: விற்பவர், நாங்கள், ஒத்திக்காரர். விலையில் ஆறு லட்சத்தை நிறுத்திவைத்து, பதிவு நாளில் பெரியவர் பெயரிலேயே வங்கி வரைவோலை எடுத்துக் கொடுத்தோம். அவர் 'ஒத்திப் பணம் முழுதும் வரப்பெற்றேன்' என்று எழுதிச் சாவியைக் கையில் தந்தார். அந்தத் தரகர் அன்று அலுவலக வாசலில் நின்றார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்தான், "சாட்சி போட்ட நீயே இப்படிச் செய்யலாமா தம்பி?" என்று கேட்டார். பதில் வரவில்லை. விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் வாங்குபவர் ஒரு சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் அந்தத் தரகர் எங்களிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் ஆடிட்டர்.

வாங்கியதற்கு ஈடுகட்ட மீனாட்சிபுரம் வீட்டை விற்க வேண்டும். இப்போது நாங்கள் விற்கிற பக்கம். வேறொரு தரகர் வந்தார், அந்தப் பகுதியில் கைராசிக்காரர் என்று பேர். முன் தாழ்வாரமான தார்சாவில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெள்ளம் ஏறிய பகுதி. 36-க்கு மேல் எவரும் தரமாட்டார்கள் டீச்சர். முதலில் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துவிடுங்கள்" என்றார்.

அவர் கைகாட்டிய சுவரில் பட்டாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு கோடு இருந்தது. தண்ணீர் வடிந்த அன்று அம்மா கரித்துண்டால் தேதியோடு போட்டது. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தையும் அதே வீட்டில் பார்த்தவர் அம்மா. "அதை அழிக்க வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஒரு வாரத்தில் ஒப்பந்தத்தோடு தரகர் வந்தார். வாங்குபவர் பெயர் நாங்கள் கேள்விப்படாதது. கெடு ஆறு மாதம், அட்வான்ஸ் ஒரு லட்சம். அம்மா கையெழுத்துப் போடக் கண்ணாடியைத் தேடினார். நான் தாளை வாங்கி வழக்கறிஞருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் ஒரு வரியை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்: 'தங்களுக்கோ, தாங்கள் காட்டும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்கக் கடவேன்.' முதல் நாலு வார்த்தையில்தான் வியாபாரமே இருக்கிறது. ஒப்பந்தம் போடுகிறவர் வாங்கப் போவதில்லை. ஆறு மாதத்துக்குள் அதிக விலைக்கு வேறொருவரைப் பிடித்து அவர் பெயரில் கிரயம் வாங்குவார், நடுவில் நிற்கிற தொகை அவருடையது. விசாரித்ததில் அந்தப் பெயர் தரகருடைய மைத்துனர்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே விலையும் தெரிந்தது. முன்பு தரகர் அழைத்துவந்து காட்டிய ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு தாங்களாகவே வந்தார்கள். "42 லட்சம் எங்களுக்குக் கொஞ்சம் அதிகம் அம்மா. வெள்ளம் வந்ததா என்றும் கேட்க வேண்டும், அவர் சரியாகச் சொல்லவில்லை" என்றார் அந்தப் பெண். அம்மா என்னைப் பார்த்தார். எங்களுக்கு 36, அவர்களுக்கு 42.

நம் சார்பில் விற்கிற தரகர், நமக்குத் தெரியாமல் தானே மறைமுகமாக வாங்குகிறவராக நிற்கக் கூடாது. அப்படி நின்று முக்கியமான விஷயத்தை மறைத்திருந்தால் அந்த வியாபாரத்தை நாம் மறுக்கலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 215-வது பிரிவு. அதில் அவர் அடைந்த ஆதாயத்தை நாம் கேட்டு வாங்கலாம் என்கிறது 216. 'இரண்டு பக்கமும் கமிஷன்' என்பது ஊர் வழக்கம், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் நாங்கள் கேட்கும் விலையை அவர்களிடமும், அவர்கள் தருகிற விலையை எங்களிடமும் மறைப்பது தரகு ஆகாது.

அந்தத் தம்பதியை நான் பட்டாசலுக்கு அழைத்துப்போய்க் கோட்டைக் காட்டினேன். தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை நாள் நின்றது, மாற்றிய வயரிங் எது, மாற்றாதது எது, பின்சுவரில் ஊறல் எங்கே வருகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, கணவனாக வந்த அந்தப் பையனின் முகம் வாடியது. விலை போகிறது என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் வண்ணார்பேட்டை அலமாரியைச் சுரண்டிய நகம் என்னுடையதுதானே. அந்தக் குழந்தை தவழுகிற தரையில் நாளை தண்ணீர் ஏறினால் அவர்கள் என் முகத்தை நினைப்பார்கள்.

இரண்டு நாள் கழித்து வந்தார்கள். வயரிங்குக்கும் பின்சுவருக்கும் கழித்துக்கொண்டு 39 லட்சத்து 50 ஆயிரம் பேசினோம். '2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் நாலரை அடி தண்ணீர் நின்றதை விற்பவர் சொல்லி, வாங்குபவர் அறிந்து' என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். பத்திர எழுத்தர், இத்தனை ஆண்டில் இப்படி ஒரு வரி எழுதியதில்லை என்றார். இந்த வரி அவர்களைக் காப்பதை விட எங்களைக் காக்கிறது. சொல்லவில்லை என்று நாளை எவரும் சொல்ல முடியாது. பத்திரத்திலும் முழு விலையைத்தான் காட்டினோம். முத்திரைத்தீர்வை ஏழும் பதிவுக்கட்டணம் இரண்டுமாக ஒன்பது சதவீதம் அவர்களுக்குப் பெரிய செலவுதான். ஆனால் குறைத்துக் காட்டினால், ஏதாவது ஒரு நாள் பணத்தைத் திரும்பக் கேட்க நேரும்போது பத்திரத்தில் இல்லாத தொகையை நிரூபிப்பது பெரும்பாடு. பணம் முழுதும் வங்கி வழியாக. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம்.

தரகருக்கு ஒரு சதவீதம் கொடுத்தோம், வங்கி வழியாக, ரசீதோடு. அந்தத் தம்பதியை முதலில் அழைத்துவந்தவர் அவர்தான், அது உழைப்பு. மைத்துனர் பெயரில் எழுதிய ஒப்பந்தத்தை அம்மா அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

சென்ற ஐப்பசியில் அடைமழை பெய்த ஒரு இரவு பத்து மணிக்கு அந்தப் பையன் என் போனுக்கு அழைத்தான். "டீச்சர், குறுக்குத்துறைக் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது என்கிறார்கள். நாங்கள் கிளம்ப வேண்டுமா?" அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"அது ஒவ்வொரு மழைக்கும் சூழும் ராசா, பயப்படாதே. நம் தெருமுனைச் சாக்கடையைப் போய்ப் பார். தண்ணீர் ஆற்றுப் பக்கம் ஓடுகிறதா, தெருப் பக்கம் எதிர்த்து ஏறுகிறதா? ஏறினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே இங்கே வந்துவிடு. ஓடினால் தூங்கு."

டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு அவன் திரும்ப அழைக்கும்வரை அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடுகிறது என்றான்.